யாரும் வாங்காத ஜாஸ் கேசட்

நேற்று பழைய சாமான் கடையில் ஒரு கேசட் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை, தொண்ணூறுகளில் எங்கள் மர்பி டவுன் பேட்டையில் இருந்த, இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு கேசட் கடைக்கு என்னை இழுத்துப் போனது. கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசித்த அப்பா சாயங்காலங்களில் என்னையும் அங்கே கூட்டிப்போவார். கடைக்கார அங்கிள் சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த, யாரும் வாங்காத ஜாஸ் கேசட்டுகளை எங்களுக்காகவே போடுவார். டேப்பின் சரசரப்புக்கு மேல் ஒரு டிரம்பெட் படி தவறினாற்போல் சறுக்கி, விழாமல் எழும்.

“தப்பா ஊதறாருப்பா,” என்றேன் ஒருநாள்.

அப்பா அதையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். “இல்லம்மா, வேணும்னேதான் ஊதறாரு. ஜாலியா இருக்காரு.”

அடுத்த வாரம் பக்கத்து ஜோகுபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்; நானும் அப்பாவோடு போயிருந்தேன். சினிமாப் பாட்டின் நடுவே அப்பா திடீரென்று அதேபோல் சறுக்கினார். டிரம்காரர் கையை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா திரும்பி முறைத்தார். பேண்டையே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அப்பாவின் சட்டையை இழுத்தேன். அப்பாவோ கண்ணை மூடி ஊதிக்கொண்டே இருந்தார்.

பூ அலங்காரக் காரிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். “அண்ணா, அத இன்னொருவாட்டி வாசிங்க,” என்று சொல்லி ஆடத் தொடங்கினார்.

டிரம் சேர்ந்துகொண்டது. முறைத்தவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட வந்தார். மண்டபத்து வாசலை அடைந்த பிறகும் யாரும் உள்ளே போகவில்லை.