சீட் இல்லாமல் எடுத்த அளவு

வெர்லீன் புரூயிட்டின் காரில் அந்தக் கியர் லிவரைப் பொருத்தியபோது, காரின் சீட் என் கடையில் கிடந்தது. பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டு ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆயில்டேலில் கார் சீட் தைக்கிறவள் நான் ஒருத்திதான். எஸ்டெல்லா என்றால் யாரும் வழி காட்டுவார்கள். ஒரு போன் போட்டிருந்தால் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். போடவில்லை. உட்காரும் சீட்டும் இல்லாமல், ஓட்டுகிறவளும் ஊரில் இல்லாமல், ஐந்தாறு ஆம்பிளைகள் கூடி நின்று அவளுக்கென்று லிவர் வைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தக் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு கூபே, ரெண்டு கதவு வண்டி. ஷாஃப்டர் பக்கம் ஒரு பருத்திக் காட்டுக் கொட்டகையில், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், வெர்லீன் அதைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கினாள். கூரையை அறுத்துத் தாழ்த்தியது அவள். துரு பிடித்த தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்டிங் வைத்து ஒட்டியது அவள். காருக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய எஞ்சினைப் பிடிவாதமாக உள்ளே இறக்கியதும் அவள்தான். டாயில் அப்போது எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான். காரைப் பார்க்க வந்தவன் பெண்ணையும் பார்த்துக் கட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அது டாயிலின் காராகிவிட்டது. கண்காட்சிக்குப் போனால் வருகிறவனெல்லாம் நேராக டாயிலிடம் போய், "என்னா காருப்பா உன்னோடது!" என்பான். டாயில் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரிப்பான். வெர்லீன் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது சாவி அவன் கையில்தான் இருக்கும். எனக்குத்தான் பொறுக்காது.

"ஏண்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்பேன்.

"விடு எஸ்டெல்லா. திங்கக்கிழம காலையில தனியா எடுத்துட்டு ஆத்துப் பக்கம் போவேன்ல, அப்ப எவனும் கேக்க மாட்டான்," என்பாள்.

அவளுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. அந்தப் பழைய பஸ்களில் கதவைத் திறக்க, ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வலக்கையால் ஒரு நீளக் கம்பியைத் தள்ள வேண்டும், மூட இழுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும், காலையிலும் மாலையிலும், வருஷக்கணக்காக. ஊரில் பாதிப் பேர் அந்தக் கதவு வழியாக ஏறி இறங்கியவர்கள். பஸ்ஸுக்குள் எவனாவது சின்னப் பிள்ளையை அடித்தால், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எங்கள் கார் கிளப்பின் தலைவன் கர்ட், தாடி நரைத்த தடியன், அவனும் அப்படி ஒருநாள் மன்னிப்புக் கேட்டவன்தான். இன்னும் அவளை 'மிஸ் வெர்லீன்' என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் கதவு அவள் தோளைத் தின்றுவிட்டது. அறுவை செய்தார்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்தால் வலக்கை வேலை செய்யும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை மடிக்கு மேலே பிடித்துத் திருப்பலாம். முன்னால் நீட்ட வராது. இனி வரவும் வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. கூபேயில் இருந்தது கிளட்ச் மிதித்து மாற்றும் பழைய கியர். அதை இனி அவளால் மாற்ற முடியாது.

"அதுக்கென்ன, இனிமே நான் ஓட்டறேன்," என்றான் டாயில்.

"ஆட்டோமேட்டிக் போடலாம்," என்றாள் வெர்லீன்.

கிளப்பில் ஒரே சிரிப்பு. எஞ்சின் மாற்றி வேகம் கூட்டிய ஹாட் ராட் காரில் ஆட்டோமேட்டிக்கா, அப்படியே ஒரு சாய்வு நாற்காலியும் போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. தானே தேடி ஒரு மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வாங்கி வந்தாள். பிறகு தோளுக்குப் பயிற்சி எடுக்க ஃபிரெஸ்னோவில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என் முன்னால்தான் டாயிலிடம் சொன்னாள்: "பாக்ஸ மாட்டறதுன்னா மாட்டி வைங்க. லிவர மட்டும் தொடாதீங்க. அத நான் வந்து பாத்துக்கறேன்."

"சரி சரி, போய்ட்டு வா," என்றான் அவன்.

அவள் திரும்பிய அன்று கராஜில் விருந்து. கர்ட்டின் மனைவி கார் வடிவத்தில் கேக் செய்து வந்திருந்தாள். காலையில் சீட்டை மாட்டப் போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தரை நடுவில், டேஷ்போர்டுக்குக் கிட்டே, முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று ஒரு லிவர் நின்றது. துப்பாக்கிப் பிடி போலக் கைப்பிடி. விரலால் விசையை அழுத்தினால்தான் நகரும்.

"டாயில், இது அவளுக்கு எட்டாதே," என்றேன்.

"எட்டும், எட்டும். நீ சீட்ட முடுக்கு."

மத்தியானம் எல்லோரும் சுற்றி நின்று கைதட்ட, வெர்லீன் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். முழங்கை இடுப்பை விட்டு நகரவில்லை. விரலுக்கும் லிவருக்கும் நடுவே ஒரு சாண் வெறும் இடம். ஸ்டியரிங்கில் மார்பு இடிக்கும்வரை சாய்ந்தாள். விரல் நுனி பட்டது. விசையை அழுத்த முடியவில்லை.

"கொஞ்சம் சாஞ்சா எட்டுது பாருங்க மிஸ் வெர்லீன்," என்றான் கர்ட்.

"சாஞ்சா ரோட்ட யார்றா பாக்கறது? நீ வந்து பாப்பியா?"

"போகப் போகப் பழகிடும்."

"இந்த சீட்டு எஸ்டெல்லா கடையில இருந்துச்சு. அப்பறம் யாரு உக்காந்து அளவு பாத்தீங்க?"

கர்ட்டுக்குக் கேள்வி புரியவில்லை, பாவம். பெருமையாகவே சொன்னான்: "பால் கிரேட்டக் கவுத்துப் போட்டு டாயில்தான் உக்காந்தான். கைய நீட்டினான், கப்புன்னு கைக்குள்ள வந்துச்சு. அங்கயே கோடு போட்டு அறுத்துட்டோம்."

வெர்லீன் டாயிலைப் பார்த்தாள். டாயில் கேக்கைப் பார்த்தான்.

"எட்டலைன்னா என்ன வெர்ல்," என்றான். "நான் ஓட்டறேன். நீ பக்கத்துல ராணியாட்டம் உக்காந்து வா."

அவள் இறங்கினாள். முகம் சிவந்துவிட்டது. "லிவரத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? இங்கிலீஷ்லதான சொன்னேன்? நான் ஒட்டின தரைய எவன்டா அறுக்கச் சொன்னது? கேக்குக்கு ரொம்ப நன்றி. தின்னு முடிச்சுட்டு எல்லாரும் வீட்டப் பாத்துப் போங்க!" என்று கத்தினாள். யாரும் தின்னவில்லை. உடனே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஊரெல்லாம் அவளுக்கு அர்ச்சனை. கர்ட்டின் மனைவி எனக்கே போன் செய்தாள்.

"அத்தன பேரு லீவ கெடுத்துக்கிட்டு வேல செஞ்சாங்க. ஒரு நன்றி வேணாமா? என்ன பொம்பள அவ?"

"உன் புருஷன் காலுக்கு அளவெடுத்து உனக்குச் செருப்பு வாங்கித் தந்தா நன்றி சொல்லிட்டுப் போட்டுக்கிட்டு நடப்பியா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அதோடு அவள் என்னிடம் சீட் தைக்கக் கொடுப்பதில்லை. போகட்டும்.

வெர்லீன் அந்த லிவரைக் கழற்றி கர்ட் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பழைய உதிரிச் சாமான் சந்தைக்குப் போனாள். மேசை மேசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொரு லிவராகப் பிடித்துப் பார்த்தாள். துப்பாக்கிப் பிடி இடக்கையில் பொருந்தவே இல்லை. இன்னொன்று, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே ஒரு படி நகர்ந்துவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிற ரகம்.

"ரேஸ்காரங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க," என்றான் விற்கிறவன்.

"எந்தக் கியர்ல இருக்கோம்னு இதுல குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். கைக்கே தெரியணும் எனக்கு."

"ஸ்டியரிங் தண்டுலயே வர்றது இருக்கு. பொம்பளைங்களுக்கு அதுதான் வசதி."

"அது வலப்பக்கம், மேல இருக்கும். என் கை அங்க போகாது. பொம்பளைங்களுக்கு எது வசதின்னு உங்கிட்ட கேட்டேனா?"

கடைசியில் ஒரு குட்டை லிவர் கிடைத்தது. உச்சியில் வெறும் உருண்டைக் குமிழ். அதற்குக் கீழே ஒரு வளையம். வளையத்தை இரண்டு விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸுக்கும், வண்டியை நிறுத்தி வைக்கிற பார்க்குக்கும் போகும். மற்ற இடங்களில் ஒவ்வொரு படிக்கும் நல்ல அழுத்தமான ஒரு தட்டு. எந்தக் கைக்கும் பொருந்தும்.

"இடப்பக்கமா வைக்கப் போறீங்க? கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுலயா? யாரும் அப்படி வைக்க மாட்டாங்களே," என்றான் விற்கிறவன்.

"நான் வைப்பேன்," என்றாள்.

சீட்டின் இடது ஓரத்தை நான்தான் ஒரு கையகலம் வெட்டிக் குறைத்தேன். முதலில் அவளை உட்காரவைத்தேன். கையைச் சும்மா தொங்கப்போடச் சொன்னேன். உள்ளங்கை எங்கே விழுந்ததோ அங்கே சாக்கட்டியால் குறி போட்டேன். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு கிளப் தேவையில்லை.

நடுவில் இருந்த ஓட்டைக்குத் தகடு வைத்து ஒட்டினோம். அவளுக்கு இடக்கை, நான் அவளுக்கு வலக்கை. காருக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டோம். கியர்பாக்ஸில் கேபிள் மாட்டும் கை இயல்பாகவே இடப்பக்கம்தான் இருந்தது. லிவரிலிருந்து அதற்குப் போகும் கேபிள் நேராக, குட்டையாக வந்து சேர்ந்தது. அந்த மேதைகள் நடுவில் வைப்பதற்காகக் கேபிளைச் சுற்றி வளைத்து, கொதிக்கிற புகைக் குழாயை உரசிக்கொண்டு கொண்டுபோயிருந்தார்கள். ரெண்டு கோடையில் உருகிப் போயிருக்கும். கியரில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் சுவிட்சையும் அவர்கள் மாட்டவில்லை. அசிங்கமாக ஒரு ஒயர் தெரியுமாம். வெர்லீன் மாட்டினாள்.

"மேல பார்க்குல வையி. அசைக்காத. கீழயும் பார்க்குல வெச்சுட்டேன். இப்பக் கேபிள் நீளத்தப் பாத்து முடுக்கறேன்," என்று அடியிலிருந்து குரல் கொடுத்தாள். "இப்ப ஒண்ணொண்ணா எறக்கு."

இறக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அடியிலும் ஒரு தட்டுக் கேட்டது. ரிவர்ஸில் மட்டும் கீழே முழுதாக விழவில்லை. மறுபடி அரைச் சுற்று முடுக்கி, மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். எல்லாம் சேர்ந்து விழும்வரை அவள் என்னை விடவில்லை.

டாயில் தினமும் பீர் பாட்டிலோடு கராஜ் வாசலில் வந்து நிற்பான். ஒரு ஸ்பேனர்கூட எடுத்துத் தரவில்லை. "கதவுப் பக்கமா ஏற முடியாது," என்பான். "அசிங்கமா இருக்கு," என்பான். "இத எவனும் மதிக்க மாட்டான்," என்பான். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள் என்று அர்த்தம். கர்ட்டுக்கே தெரியும். முப்பது வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவன் போய்க் கதவைத் திறந்து ஏறப் பார்த்தான். ஓட்டிப் பார்க்கிறானாம். காலை உள்ளே விட்டான், தொடை லிவரில் முட்டியது. ஒருக்களித்து உட்கார்ந்தான், கதவு சாத்தவில்லை. வயிற்றை எக்கினான். அப்போதும் சாத்தவில்லை. வியர்த்துப்போய் இறங்கினான்.

"இப்ப இத நீ ஒருத்திதான் ஓட்ட முடியும்," என்றான். கதவை ஓங்கிச் சாத்தினான்.

"ஆமா," என்றாள் வெர்லீன்.

"அப்ப நான்?"

"வலப்பக்கம் எடம் இருக்கு. ராணியாட்டம் உக்காந்து வா."

"வெளையாடாத. நாளைக்கு உனக்கு அந்தக் கையும் போச்சுன்னா?"

அவள் துண்டைக் கீழே வைத்தாள். "டாயில், ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த கிரேட்ல உக்காந்து கைய நீட்டினியே, அப்ப நான் ஓட்டுவேன்னு நெனச்சியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். எங்களுக்கெல்லாம் அது போதுமாயிருந்திருக்கும்.

"இல்ல வெர்ல்," என்றான். "நீ இனிமே ஓட்டுவேன்னு நான் நெனக்கல. நெஜமாத்தான் சொல்றேன். எனக்குன்னுதான் வெச்சேன்."

"கேக்கு மட்டும் எனக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் காரா உன் காரான்னு அத்தன வருஷம் ஆளாளுக்குக் கேட்டாங்க," என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் எதுத்துப் பேசல. நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஒரே ஒரு தடவ, இல்லப்பா, இது அவளோடதுன்னு. ஒரு பையங்கிட்டயாவது."

டாயில் கீழே வைத்திருந்த பீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

வெர்லீன் வலப்பக்கக் கதவைத் திறந்து, சீட் முழுக்க நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். "ஏறு," என்றாள் என்னைப் பார்த்து. ஏறினேன். எஞ்சின் ஒரே முறுக்கில் பிடித்தது. இடக்கை தானாகத் தொங்கிக் குமிழில் விழுந்தது, இரண்டு விரல் வளையத்தைத் தூக்கியது. பின்னால் எடுத்தாள், தெருவுக்குத் திருப்பினாள், முன் கியருக்கு இழுத்தாள்.

அதே நார்த் செஸ்டர் தெருவின் முதல் சிக்னலில் சிவப்பு விழ, நிறுத்தினாள். கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. ஒன்று ஸ்டியரிங்கில், ஒன்று லிவரில். நான் துடைக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எஸ்டெல்லா."

"ம்?"

"பின்னாடி பாரு. அந்த ஆளு இன்னும் வாசல்லதான் நிக்கிறானா?"

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், தெருவோரத்தில், கையில் பாட்டிலோடு நின்றிருந்தான்.

"நிக்கிறான். திரும்பறியா?"

பச்சை விழுந்தது.

"இல்ல," என்றாள்.