ரத்தம் பார்க்கிற சிவனாண்டியும் செவ்வாய்க்கிழமைக் காட்டேரியும்

எட்டு நாளாகியும் காய்ச்சல் விடாததால் சோலையம்மாள் ஒருநாள் காலையில் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் பார்க்கிற சிவனாண்டி அவள் விரலில் ஊசியைக் குத்தினார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து நீட்டினார். "இதத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும். டெஸ்டுல இதுவும் ஒரு பாகம்" என்றார் கண்டிப்பாக. ஆஸ்பத்திரிச் சட்டம்போல என்று நினைத்து அவளும் அவர் முன்னாலேயே கடித்துத் தின்றாள். இரண்டு வருடம் கழித்து வேறோர் இடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு உருண்டைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தவளை, அங்கிருந்தவர், "எல்லாம் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கும்மா உக்காந்திருக்க?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது என்று. வெறும் வயிற்றோடு வந்தவள், வீட்டுக்குப் போனாலும் அடுப்புப் பற்றவைக்க நேரமாகும் என்று பார்த்துக் கொடுத்திருக்கிறார். அதைப்பற்றி அவள் ஒருநாளும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவரை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்ததோடு சரி.

சிவனாண்டிக்கு உசிலம்பட்டிப் பக்கம். செல்லூரில் நாலு கட்டில் போட்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் குப்பி கழுவ வந்தவர். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கப் பழகி, கடைசியில் அந்த நாற்காலிக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். தெருவில் அவரைக் கண்டால் பெரிய மனுசர்கள்கூடச் சும்மா விரலை மடக்கிக்கொள்வார்கள். அதில் அவருக்குப் பெருமை பாதி, வருத்தம் பாதி.

கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்து, மொட்டை மாடிகளில் அலுமினியக் கம்பி முளைத்த சமயம் அது. சோலையம்மாள் குடியிருந்த சந்தில் டிவி இருந்தது பட்டாபிராமன் சார் வீட்டில் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு 'சிவப்பணு' என்று ஒரு தொடர். பட்டணத்து டாக்டர் ஒருவர் ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுகிறார். அவரிடம் வேப்பிலை கிடையாது, உடுக்கை கிடையாது. மைக்ராஸ்கோப், ஊசி, ஒரு நீல விளக்கு, ஒரு வேன், அவ்வளவுதான். காட்டேரி என்பது பேயே இல்லையாம், ரத்தத்தில் வருகிற கிருமியாம். தறிச் சத்தம் அடங்கியிருக்கிற அந்த அரைமணி நேரம் சந்து முழுக்க சார் வீட்டு வாசலில்தான் இருக்கும்.

சிவனாண்டி முதல் ஆளாக வந்து முன்னால் உட்காருவார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கமாட்டார்.

"சிலைடு காயவே இல்ல, அதுக்குள்ள பாத்துட்டாராம் டாக்டரு! அடேய், குத்துன எடத்துல பஞ்ச வைடா!"

"சிவனாண்டி, கொஞ்சம் வாயை மூடிண்டு பாருமேன்யா. வசனம் கேக்கலை" என்பார் சார்.

"என்ன ரத்தம் கறுப்பால்ல இருக்கு?" என்று பின்னாலிருந்து ரெங்கம்மாள் கேட்பாள். சோலையம்மாளின் மகள் ராமக்காளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி அவள்.

"பொட்டி கறுப்பு வெள்ளை மதினி. காட்டேரியக் குத்தஞ் சொல்லாத" என்பார் சிவனாண்டி. வாசலே சிரிக்கும்.

ராமக்காளுக்கு அப்போது ஒன்பதாம் மாசம். வளைகாப்புப் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். சோலையம்மாள் சாமி பக்தி உள்ளவள். தறிக்கு நூல் சுற்றுகிற கை ஓயும்போதெல்லாம் மீனாட்சியை நினைக்கிறவள். மகளுக்கும் அந்தப் பக்தி வந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஒருநாள் அந்த வழியே போன சிவனாண்டியிடம் அதைச் சொல்லியும்விட்டாள்.

"கோயில்லருந்து ஒரு பொட்டலம் திருநீறு வாங்கியாந்தா ரெண்டே நாள்ல காலி பண்ணிர்றாண்ணே. முந்தியெல்லாம் நெத்தியில வைக்கவே சண்டை போடுவா."

போய்க்கொண்டிருந்தவர் நின்றார். "பூசுறாளா, திங்கிறாளா?"

"பூசிட்டு வாயிலயும் போட்டுக்கிருவா. பிரசாதம்தானே?"

அவர் உள்ளே வந்து, "இங்க வா தாயி" என்று ராமக்காளின் கீழ்க்கண் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, இது பக்தி இல்ல. ரத்தம் இல்ல. ஒடம்புல ரத்தம் வத்துனா மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு நாக்கு கேக்கும். இவளுக்குச் சாமி பேரச் சொல்லித் தின்னுக்கிற ஒண்ணு கெடச்சிருச்சு."

சோலையம்மாள் மாடத்தில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வாரக்கணக்கில் தன் கையாலேயே பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. "பிரசவத்துக்குள்ள ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தியாகணும். இந்த வாரத்துக்குள்ள வீட்டு ஆள் யாராச்சும் குடுங்க. இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சோலையம்மாளின் ரத்தம் வேறு வகை. மாப்பிள்ளை காளையின் ரத்தம் பொருந்தியது. தறி ஓட்டுகிறவன், நல்ல வாட்டசாட்டம்.

"ஒரு பாட்டில் என்ன மாமா, ரெண்டா எடுத்துக்கங்க" என்றான் சிவனாண்டியிடம். புதன்கிழமை காலையில் வருவதாகப் பேச்சு.

நடுவில் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது.

அன்றைக்குத் தொடரில் டாக்டர் அடையாளம் சொன்னார். நகம் வெளுத்திருக்கும். கண் வெளுத்திருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோறு இறங்காது, சோறல்லாததைத் தின்னத் தோன்றும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்த அணு ஒவ்வொன்றும் நடுவில் வெறுமையாக, வளையம் மாதிரி இருக்கும். அந்த வளையத்தையும் காட்டினார்கள். அதோடு, அப்படிப்பட்ட ஒருத்திக்குப் புருசன் ரத்தம் கொடுக்க, ருசி கண்டவள் அவனையே தேடி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ரெங்கம்மாள் எழுந்து, மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

புதன்கிழமை காளை வரவில்லை. சோலையம்மாள் ஆஸ்பத்திரி வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். பத்து மணி, பதினொரு மணி. கடைசியில் சம்பந்தி வீட்டுக்கே போனாள்.

"எனக்கு இருக்கிறது ஒத்த மகன் மதினி" என்றாள் ரெங்கம்மாள், வாசலை மறித்துக்கொண்டு. "ஒன் மக திருநீறு திங்கிறா. ஊருக்கே தெரியும்."

"காட்டேரி எங்கயாச்சும் திருநீறு திங்குமா மதினி? திருநீறக் கண்டா ஓடும்ல?"

"அது பழைய காட்டேரி. அந்த டாக்டரே சொன்னாரு, திருநீறுக்கெல்லாம் இது பயப்படாதாம். பாத்தியா, பொட்டலம் பொட்டலமாத் தின்னும் ஒன் மகளுக்கு ஒண்ணும் ஆகல!"

சோலையம்மாள் திரும்பி வந்தாள். நூல் சுற்ற உட்கார்ந்தால் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டால் மறுபடி அறுந்தது. உள்ளே ராமக்காள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அம்மா, அவுக வந்தாகளா?" என்று ஒருதரம்தான் கேட்டாள்.

சிவனாண்டி கோபத்தோடு தறிக்கொட்டகைக்கே போனார். வியாழக்கிழமை மத்தியானம் காளையையும் ரெங்கம்மாளையும் லேபுக்கு இழுத்துவந்துவிட்டார். சோலையம்மாளும் கூட நின்றாள். "டிவியில பாத்தத நேர்லயே பாரு மாப்ள. கிருமி இருந்தா என்னையக் கேளு" என்று ராமக்காளின் சிலைடை வைத்து, திருகித் தெளிவாக்கி, நாற்காலியை விட்டு எழுந்தார்.

காளை குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"நடுவுல ஒண்ணுமே இல்ல மாமா. வளையம் வளையமா இருக்கு."

சிவனாண்டி திகைத்துப்போனார். சோகை பிடித்த ரத்தம் அப்படித்தான் இருக்கும். ஆயிரம் பேருடையதைப் பார்த்துப் பழகினவருக்கு அது டிவியில் வந்தபோதும் ஒரு விசயமாகவே தோன்றவில்லை. தொடர் எடுத்தவன் எங்கேயோ சோகை ரத்தத்தைப் படம் பிடித்துத்தான் காட்டேரி என்று காட்டியிருக்கிறான். அதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் தாயும் மகனும் படியிறங்கிவிட்டார்கள்.

"கெடுத்துட்டேனே தங்கச்சி" என்றார். சிலைடைக் கழற்றி ஓரமாக வைத்தார். சோலையம்மாளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. சாயங்காலம் மீனாட்சி சந்நிதியில் நின்றபோதும் கும்பிடக் கை கூடவில்லை. வீட்டில் பிள்ளை என்ன செய்கிறாளோ என்று பாதி தரிசனத்தில் திரும்பி ஓடி வந்தாள். ராமக்காளுக்குக் கால் வீங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சிவனாண்டி ஒரு தகரப் பெட்டியோடு சந்துக்குள் வந்தார். தண்ணீர்க் குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆருக்கு ஆரு காட்டேரின்னு இன்னிக்குப் பாத்துருவம். விரல நீட்டுறவ நீட்டு!"

பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொருத்தியும் தன் நகத்தைத் தானே பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள்தான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ரத்தம் சிந்தலாமாண்ணே?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"ஆத்தா கோயில்ல வெள்ளிக்கிழம கெடா வெட்டல? ஒரு சொட்டுக்கு என்ன வந்துச்சு?"

ஒருத்தி நீட்டினாள். அப்புறம் வரிசை நின்றது. பத்தொன்பது பேர். ரெங்கம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் குடுக்காம ஒளியிறவதான்டி காட்டேரி!" என்று குழாயடியில் எவளோ சத்தமாகச் சொன்னாள். ரெங்கம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. விறுவிறுவென்று வந்து விரலை நீட்டினாள். "குத்துய்யா! எந்த மூதி என்னையச் சொல்றதுன்னு பாக்குறேன்."

மத்தியானம் தறி நின்ற நேரம் காளைக்கு ஆள் போயிற்று. அவன் லேப் வாசலிலேயே நின்றான். "உள்ள வா. ஊசி இல்ல, கண்ணு மட்டும்தான் வேணும்" என்றார் சிவனாண்டி. சோலையம்மாள் மூலையில், மூச்சு விடவும் பயந்து நின்றாள்.

முதல் சிலைடு. "வளையம்" என்றான் காளை. இரண்டாவது. "இதுவும் வளையம்." மூன்றாவது நல்ல ரத்தம். நாலு, ஐந்து, ஆறு, மறுபடி வளையம். ஏழாவதை வைத்துவிட்டு, "இது எப்பிடி?" என்றார்.

"இது ரொம்ப மோசம் மாமா. ராமக்காளோடதா?"

"ஒன் ஆத்தாளோடது."

காளை மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இருவது சிலைடுல பதினஞ்சு இப்பிடித்தான் மாப்ள. கிருமியும் இல்ல, காட்டேரியும் இல்ல. இரும்புச் சத்து இல்ல, அம்புட்டுத்தான். நீ சாப்பிட்டு, ஒன் அப்பன் சாப்பிட்டு, சட்டியில ஒட்டுனதத் தண்ணி ஊத்திக் குடிக்கிறவளுக்கு ரத்தம் நடுவுல நெறஞ்சா இருக்கும்? இந்தா, இது ஒன்னோடது. திங்கக்கிழம குடுத்தியே. பாரு."

அவன் பார்த்தான். முழுசு முழுசாக, நிறைந்து கிடந்தது.

வெளியே படியில் ரெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "என்னடா சொல்றான்? எனக்கும் அதுதானாமா?" என்று எட்டிக் கேட்டாள். காளை சட்டைக்கையை மேலே சுருட்டினான். "எங்க மாமா படுக்கணும்?" என்றான்.

"ஐயோ, இப்பவேவா?" என்று அவள் எழுந்தாள். மகன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க ராமக்காளின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சோலையம்மாள் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு, கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அப்படியே பொழுது போயிற்று. அதிலிருந்து பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே போனது. "அந்த ஒரு பாட்டில் ஏறியிருக்காட்டா தாய் பொழச்சிருக்காது" என்றார் டாக்டரம்மா. ரெங்கம்மாள் பேத்தியைத் தூக்கினதும் முதல் வேலையாக அதன் நகத்தைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சிவனாண்டிக்குச் சந்துப் பெண்களோடு தீராத தொந்தரவு. முருங்கைக்கீரை ஆய்ந்தாயா, மாத்திரை முழுங்கினாயா, சாப்பிட்டாயா என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போவார். இவர் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. மறு வருடம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. சிலைடு தெளிவாகத் தெரியவில்லை என்று அவராகவே போய் டாக்டரம்மாவிடம் சொல்லி, வேலையை விட்டுவிட்டார்.

ஊருக்குப் போகிற அன்று காலையில் சோலையம்மாள்தான் பஸ் ஏற்றிவிடப் போனாள். உசிலம்பட்டி வண்டி கூட்டமாக இருந்தது. தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். அடுத்து வந்த தை மாதம் அவர் இறந்த சேதி வந்தது. அதனால் பஸ் ஏறின அன்று அவர் சொன்னது அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"நான் வாரேன்னு சொன்னா நீங்க அம்புட்டுப் பேரும் விரல மறைக்கிறீங்க தங்கச்சி. அதனால போறேன்னே சொல்லிக்கிறேன். நீ வீட்டுக்குப் போனதும் மொதல்ல சாப்பிடு, அப்பறம் நூலச் சுத்து."