தக்கமட்சுவில் இரண்டு முறை முடிந்த ஆட்டம்

டென்னிஸ் ஆட்டக்காரி என்றதும் விமானம், ஹோட்டல், கேமரா என்று நினைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒகுமுரா சிஹாருவின் கதை சப்பென்று இருக்கும். ஏழு வருஷமாக அவள் தொழில்முறை ஆட்டக்காரி. சங்கத்தில் முறைப்படி பெயர் பதிந்தவள். ஆனால் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் கையுறைத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் நின்றுகொண்டு இடது கையையும் வலது கையையும் ஜோடி சேர்த்து அட்டையில் செருகிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவாள். அதற்கு மேல்தான் டென்னிஸ்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல ரப்பர் பந்தில் ஆடித்தான் ஆரம்பித்தாள். பெரிய போட்டிகளில் ஆடும் கெட்டிப் பந்தைத் தொட்டபோது வயது பதினாறு. இந்த ஆட்டத்தில் பதினாறு என்பது கிழவயது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் மூன்றாவது அணியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதில் ஊருக்குத் திரும்பியபோது கையுறைக் கம்பெனி முதலாளி சிராகவா கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த மனிதருக்கு டென்னிஸ் பைத்தியம். கம்பெனிகளுக்குள் நடக்கும் லீக்கில் தன் கம்பெனிப் பெண்கள் அணி ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. சிஹாரு வந்த பிறகு ஜெயித்தது. அந்தத் தெம்பில் இருபத்துநாலு வயதில் தொழில்முறைக்குப் பதிந்துகொண்டாள். வேலையை விட்டுவிடுவாயா என்று பேக்கிங் பிரிவுத் தலைவி கன்னோ கேட்டாள். இல்லை, மதியம் வரை வேலை, அதற்கு மேல் தொழில்முறை என்று இவள் சொன்னாள்.

"அரை நாள் தொழில்முறையா? அப்போ காலைல நீ ஒட்டுற அட்டையெல்லாம் பொழுதுபோக்குக்கு ஒட்டுறதா?" என்றாள் கன்னோ. அன்றிலிருந்து சிஹாரு ஒட்டிய அட்டை ஒன்று கோணலாகப் போனாலும், "இது பொழுதுபோக்கு ஆள் ஒட்டுனது" என்று அதைத் தூக்கிக் காட்டாமல் விடமாட்டாள்.

புருஷன் மாசாகிக்கு உதோன் என்கிற தடி நூடுல்ஸ் விற்கும் கடை. காலை ஆறு மணிக்குத் திறப்பான், நூடுல்ஸ் தீர்ந்ததும் மூடுவான். பெரும்பாலும் ஒரு மணிக்குத் தீர்ந்துவிடும். சிஹாரு ஒருநாள் ராக்கெட் பையோடு வந்து நின்றபடியே மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். யார் இது என்று விசாரித்தான். ஒரு வருஷத்தில் கல்யாணம். மூன்றாவது கிண்ணத்திலேயே முடிவு பண்ணிவிட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். அதுவரை டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாதவன், பிறகு தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து அவளுக்கு எதிரே நின்று கூடை கூடையாகப் பந்து போட்டான். அவன் சொல்லும் யோசனைகள் எல்லாம் கடையிலிருந்தே வரும். அவன் வீட்டில் உதோன் மாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் காலால் மிதித்துத்தான் பதப்படுத்துவார்கள்.

"முட்டிய மடக்கு. மாவு மிதிக்கிற மாதிரி நில்லு. இப்படி நட்டு வெச்ச கம்பு மாதிரி நின்னா பந்து எப்படி வரும்?"

"மாவு திரும்பி உன் மூஞ்சிக்கு வருமா? வராதுல்ல. பந்து வரும். நீ போடு" என்பாள் இவள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. உள்நாட்டில் எழுபதாவது, எண்பதாவது இடம். கம்பெனி லீக்கில் ராணி. ஆனால் உலகத் தரவரிசைப் பட்டியலில் அவள் பெயர் ஒருதடவைகூட ஏறியதில்லை. அதில் ஏறுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவளைப் போன்ற சின்ன ஆட்டக்காரிகள் ஒரு வருஷத்துக்குள் மூன்று வெவ்வேறு சர்வதேசப் போட்டிகளில் தலா ஒரு ரேங்கிங் புள்ளியாவது எடுத்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வருஷம் முடிந்தால் புள்ளி உதிர்ந்துவிடும். போன அக்டோபரில் குமமோட்டோவில் ஒன்று எடுத்தாள். ஜூனில் இன்னொன்று. ஆகஸ்டில் முட்டி வீங்கி உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷத்தோடு போதும் என்று மருத்துவர் சொன்னார், மாசாகி சொன்னான், அவளே சொல்லிக்கொண்டாள். மறுபடி அக்டோபர் வந்துவிட்டது. குமமோட்டோப் புள்ளி கழன்றுகொள்வதற்குள், இந்த வாரமே ஒரு ஆட்டம் ஜெயிக்காவிட்டால் பெயர் ஏற வழியே இல்லை.

நல்ல வேளையாக அந்த வாரப் போட்டி தக்கமட்சுவில் நடந்தது. ரயிலில் ஐம்பது நிமிஷம். மணல் தூவிய செயற்கைப் புல் மைதானம், சிஹாரு வளர்ந்ததே அதில்தான். ஞாயிறும் திங்களும் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்து உள்ளே வந்தாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு முதன்மைச் சுற்று. எதிராளி கொரியாவிலிருந்து வந்த ஹான் யூ-ரி, பத்தொன்பது வயது, பனைமர உயரம்.

கன்னோ பதினோரு பேரைத் திரட்டி அரை நாள் விடுப்பு போட வைத்தாள். முதலாளி சிராகவாவுக்கு விஷயம் தெரிந்து, விடுப்பெல்லாம் வேண்டாம், அன்றைக்குப் பேக்கிங்கையே மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரும் ரயிலேறி, சோற்றுப் பொட்டலங்களோடு வந்து வேலியோரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாசாகி அன்று கடையே திறக்கவில்லை. அந்தக் கடை அப்படி மூடிக் கிடந்தது அவன் அப்பா செத்த அன்று மட்டும்தான்.

முதல் செட் போனது. கொரியாப் பெண்ணின் சர்வீஸ் தோளுக்கு மேலே எகிறியது. இரண்டாவது செட்டில் சிஹாரு பந்தைத் தாழ்வாக வெட்டி வெட்டி விட்டாள். மணலில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த உயரத்துக்குக் குனிந்து குனிந்து யூ-ரிக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும். செட் இவளுக்கு. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நாலு என்று முன்னால் நின்றாள், சர்வீஸும் அவள் கையில். நாற்பதுக்குப் பதினைந்து. இரண்டு பாயிண்டில் ஒன்று எடுத்தால் போதும்.

முதல் பாயிண்டில் இரண்டு சர்வீஸும் வலையில். அடுத்ததில் பந்து ஒரு சாண் வெளியே. நாற்பதுக்கு நாற்பது, டியூஸ். சிஹாருவின் முட்டி அவளுக்கே கேட்கிற மாதிரி துடித்தது.

அடுத்த பாயிண்ட் நீண்டது. பதினெட்டுத் தடவையோ இருபது தடவையோ பந்து போய்ப் போய் வந்தது. கடைசியில் இவள் வெட்டிய பந்து மணலில் அப்படியே செத்து உட்கார, யூ-ரி அதைத் தோண்டி எடுக்கப் பார்த்து வலையில் அடித்தாள்.

பெஞ்சே எழுந்து நின்று கைதட்டியது. சிஹாரு வலைக்கு ஓடினாள், கை நீட்டினாள், தலை தாழ்த்திக் கும்பிட்டாள். யூ-ரி என்ன ஏது என்று புரியாமல் தானும் பாதிக் கும்பிடு போட்டுவைத்தாள். சிஹாரு நடுவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக வேலிக்குப் போய், அங்கே சாத்தியிருந்த ஆள் நீளப் பிரஷ்ஷை எடுத்துக் கோட்டின் ஓரத்திலிருந்து மைதானத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். கண்ணீர் தாடையில் இறங்கியது. பெயர் ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிக்கொண்டாள். கன்னோ சோற்றுப் பொட்டலங்களைத் திறந்து பங்கு வைக்கத் தொடங்கியிருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் ஒரு இளம் பெண். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பாதி சிரிப்போடு குனிந்தாள்.

"ஒகுமுரா-சான். மன்னிக்கணும். அட்வான்டேஜ்தான் உங்களுக்கு. ஆட்டம் இன்னும் முடியல."

கம்பெனி லீக்கில் டியூஸ் ஆனால் அடுத்த ஒரே பாயிண்டில் முடித்துவிடுவார்கள். நகராட்சி மைதானத்தை இரண்டு மணி நேரத்துக்குத்தான் தருவார்கள், அடுத்த கம்பெனிக்காரர்கள் வேலிக்கு வெளியே ஷூ கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜெயித்தவர் தோற்றவர் எல்லாரும் மைதானத்தைக் கூட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மாதம் தவறாமல் ஒன்பது வருஷம் அப்படி ஆடியவள் சிஹாரு. சர்வதேச ஆட்டத்தில் டியூஸுக்குப் பிறகு இரண்டு பாயிண்ட் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அந்த நிமிஷம் கால் பழகின பக்கம் போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு டென்னிஸ் என்றாலே கம்பெனி லீக்தான், அதனால் அவர்களும் அதே குழியில் விழுந்தார்கள். மாசாகி உள்பட.

சிஹாரு பிரஷ்ஷோடு நின்றாள். முகம் காது வரை சிவந்துவிட்டது. யூ-ரிக்கு, நடுவருக்கு, பெஞ்சுக்கு, யாருமே இல்லாத நாலாவது பக்கத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாள். நேரத்தை வீணாக்கியதற்கு நடுவர் சட்டப்படி ஒரு எச்சரிக்கை கொடுத்தாள், அதைச் சொல்லும்போது சிரிப்பில் குரல் ஆடியது. யூ-ரி ராக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் சிஹாருவுக்கும் அடக்க முடியவில்லை. காலையிலிருந்து கழுத்தில் கட்டியிருந்த பாறாங்கல் எங்கேயோ உருண்டு போய்விட்டது.

"முடியலையாமே. பொட்டலத்த மூடுங்க" என்று கன்னோ வரிசையில் எல்லாருக்கும் உத்தரவு போட்டாள். ஒருத்தி வாயில் போட்ட முட்டையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அந்த அட்வான்டேஜை யூ-ரி பறித்தாள். மறுபடி டியூஸ். இவள் ஒன்று, அவள் ஒன்று. நாலு டியூஸ் ஆயிற்று. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் கன்னோ பக்கவாட்டில் சாய்ந்து மாசாகியைக் கேட்பாள், "இப்போ முடிஞ்சுதா?" அவன் இல்லையென்று தலையை ஆட்டுவான். மூன்றாவது தடவை, "எனக்கும் தெரியல கன்னோ-சான், நானும் உங்கள மாதிரிதான்" என்று ஒப்புக்கொண்டான். சிஹாரு இப்போது முட்டியை நினைக்கவே இல்லை. விளையாட்டு மைதானத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி அடித்தாள். அட்வான்டேஜ் அவள் பக்கம் வந்தது. இடது மூலைக்கு ஒரு சர்வீஸ். யூ-ரி எட்டி விட்ட பந்து உயரமாகப் போய் வேலியில் மோதியது.

ஒரு கைதட்டல் இல்லை. பன்னிரண்டு பேரும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிஹாரு கோட்டிலேயே நின்று நடுவரைப் பார்த்தாள். நடுவர் ஸ்கோரைச் சொன்னாள். சிஹாரு அப்போதும் நகரவில்லை. கடைசியில் யூ-ரிதான் வலைக்கு நடந்து வந்து, கையைக் காட்டிக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜப்பானிய மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அக்கா. இப்போ முடிஞ்சுது."

அப்புறம் எழுந்த சத்தத்தில் பக்கத்து மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மைதானத்தைக் கூட்ட ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் போங்கள் என்று நிர்வாகிகள் சொன்னதைக் கேட்காமல் சிஹாரு மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள். தோற்ற யூ-ரியும் இன்னொரு பிரஷ்ஷை எடுத்து எதிர்ப் பாதியைக் கூட்டினாள். கன்னோ அவளையும் இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு முழுப் பொட்டலத்தைத் தின்ன வைத்துத்தான் விட்டாள். மறுநாள் இரண்டாவது சுற்றில் சிஹாரு முக்கால் மணி நேரத்தில் தோற்றாள். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பட்டியல் வந்த மறுநாள் காலை பத்து மணி டீ இடைவேளையில் பேக்கிங் பிரிவு மொத்தமும் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றது. எல்லாரோடும் சேர்ந்துதான் பார்ப்பேன் என்று சிஹாரு முதல் நாள் பார்க்காமல் இருந்தாள். மாசாகி திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் கேட்காமலே அவள் கிண்ணத்தில் பொரித்த இறால் இரண்டு போட்டிருந்தான்.

"கீழேருந்து தேடு. சீக்கிரம் கிடைக்கும்" என்றாள் கன்னோ.

கீழேயிருந்தே தேடினாள். எந்தெந்த நாட்டுப் பெயர்களோ வந்தன. பத்தொன்பது பெயருக்கு மேலே அவள் பெயர் இருந்தது. கன்னோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். ஒகுமுரா சிஹாரு, ஜப்பான், ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று. ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அவள் அழுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

"உனக்குப் பின்னால பத்தொம்பது பேரா? பாவம், என்ன பண்றாங்களோ" என்றாள் கன்னோ.

சிஹாரு அந்தப் பத்தொன்பது பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு விரலை மேலே தள்ளித் தனக்கு முன்னால் இருப்பவர்களையும் பார்த்தாள். ஆயிரத்து முந்நூற்று இருபது வரை போய் நின்றாள். அங்கே வரைக்கும் ஏற இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும் போலிருந்தது. கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நவம்பரில் ஒரு வாரம் விடுப்பு வேண்டும் என்று கேட்டாள்.

"முட்டி?" என்றாள் கன்னோ.

"அதையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

கன்னோ விடுப்பு நோட்டை எடுத்தாள். ஒரு வாரம் என்று எழுதப் போனவள் பேனாவை நிறுத்தி, இவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்து, இரண்டு வாரம் என்று எழுதினாள்.