இருளாயிக்கு ரெண்டு கை

அருளம்பலம் ஐயாவோட போட்டோப் பெட்டிய நான் ஒரு நாளாவது தூக்கிக் கிந்தா ஆத்துல வீசியிருக்கணும். அவரு வீட்டுச் சமையல்காரி எனக்கு அவ்வளவு தைரியம் வரல. இருளாயி கதைய யாருகிட்ட சொல்ல ஆரம்பிச்சாலும் எனக்கு மொதல்ல வயிறுதான் எரியுது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவுல ஈப்போ கவர்மெண்டு ஆபீசுல பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வீடு அங்கயே சிலிபின் பக்கம். குளிக்கிற அறை ஜன்னல்ல கருப்புத் துணிய அடிச்சு, மருந்துத் தண்ணிய தட்டுல ஊத்தி, உள்ளயே அடைஞ்சு கெடந்து படம் கழுவுவார். அன்னிக்கு வீட்டுல எவரும் குளிக்க முடியாது. கேட்டா, "கலை, முத்தம்மா, கலை"ன்னு சொல்லுவார். அழுக்கோட நாறுறது நாங்க லா!

ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவரு மாதிரியே பெட்டி வச்சிருக்கிற கிராணிமாருங்க நாலஞ்சு பேரு வருவாங்க. முன்னறையில கொடி கட்டி, துணி காயப்போடுற மாதிரி படத்தத் தொங்கவிடுவாங்க. அவங்களுக்குள்ள ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நல்லது சொல்லணும், ஒரு பிழை சொல்லணும். பிழைய கேட்டுக் கோவிக்கக் கூடாது, அடுத்த தடவ திருத்திக்கணும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஐயா படம் வந்தா மட்டும் எல்லாரும் நல்லதையே ரெண்டா சொல்லுவாங்க. பெரிய கிராணியாச்சே! வாயத் தொறந்து பிழை சொல்லிட்டு மறுநாள் அவரு மேசைக்கு முன்னால போயி நிக்க முடியுமா?

இருளாயி நான் குடியிருக்கிற வரிசை வீட்டுல என் பக்கத்து அறைக்காரி. பரமக்குடிப் பக்கம். புருஷனோட தாப்பாவுக்கு அந்தாண்ட ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்தவ. கப்பல்ல காய்ச்சல், கைப்பிள்ள தாங்காதுன்னு மக பேச்சிய அக்காகிட்ட விட்டுட்டு வந்தா. வந்த மறு வருஷமே புருஷன் காய்ச்சல்ல போயிட்டான். ரப்பர் வெல சரிஞ்சப்ப தோட்டத்துல பாதிப் பேர வெளிய அனுப்பினானுங்க. இவ ஈப்போ வந்து ரோட்டு வேலையில சேந்து கல்லு ஒடைச்சா. வாய்க்காரி, கோவக்காரி, ஆனா நேர்மை. ஒரு தடவ வேல வாங்குற மண்டோரு, கூட வேல செஞ்ச பொண்ணு இடுப்பக் கிள்ளினான். இருளாயி சுத்தியலோட எந்திரிச்சு நின்னா. அதுக்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கையக் கட்டிக்கிட்டே வருவான்.

அவளுக்கு இருந்த ஆசை ஒண்ணே ஒண்ணு. பேச்சியக் கொண்டாந்து தன்னோட வச்சுக்கணும். அதுக்குத்தான் ஒரு வேள சோத்தக் குறைச்சுக்கிட்டா. கூட வேல செஞ்ச சன்னாசி ஊருக்குப் போறவன், திரும்பும்போது பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்னான். அக்கா நம்பி அனுப்பணுமே, அதுக்கு ஒரு போட்டோ குடுத்து விடலாம்னு இவ நெனச்சா.

நம்ம ஆளுங்க ஊருக்கு அனுப்புற போட்டோவுக்கு ஒரு முறை இருக்கு. பழைய டவுன்ல சீனன் போட்டோக் கடைக்குப் போயி நாற்காலியில நிமிந்து உக்காரணும். ரெண்டு காதும் தெரியணும். ரெண்டு கையும் முட்டி மேல விரிச்சு வச்சிருக்கணும். பாதமும் தெரியணும். ஊருல உள்ளவங்க மூஞ்சிய மட்டுமா பாப்பாங்க? போனவ ஒடம்புல என்ன குறைஞ்சிருக்குன்னுதான் மொதல்ல தேடுவாங்க. ரப்பர் மிஷின்ல கையக் குடுத்துட்டுத் திரும்பி வந்தவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கானே.

சீனன் கடைக்குத் தொணைக்கு வான்னு கூப்பிடத்தான் இருளாயி ஐயா வீட்டு அடுப்படி வாசலுக்கு வந்தா. சாயங்கால வெயில் அவ மூஞ்சியில ஒரு பக்கமா விழுந்துச்சு. ஐயா பாத்துட்டாரு. "நில்லம்மா, அசையாத!"ன்னு பெட்டியத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. பிள்ளையக் கூட்டிட்டு வரத்தான் படம்னு நான் வெவரமாவே சொன்னேன். "நான் சும்மாவே எடுத்துத் தாறன், கடைக்கேன் போறாய்?"னு சொல்லிட்டு, அவளப் பக்கவாட்டுல திருப்பினாரு. இடது கையப் பின்னால இழுத்து விட்டாரு.

அந்த ஞாயித்துக்கெழம படம் கொடியில தொங்குச்சு. "என்ன வடிவு! என்ன மாதிரி நிழல்!"னு ஆளாளுக்கு உருகினாங்க. கடைசியா தம்பிமுத்துன்னு ஒரு சின்னக் கிராணி, பயந்த சுபாவம், தொண்டையச் செருமிக்கிட்டு, "ஒரு கண்ணும் ஒரு கையும் காணேல்லையே ஐயா"ன்னான். ஐயா மொகம் சுண்டிப் போச்சு. "உமக்கு இன்னும் பாக்கத் தெரியேல்ல, தம்பிமுத்து"ன்னாரு. அடுத்த வாரம் அவனுக்கு மட்டும் தேத்தண்ணி வேணாம்னு எனக்கு உத்தரவு. அதையும் மீறி நான் கொண்டு போய் வச்சேன், வேணும்னே நெறைய சீனி போட்டு.

படத்த வாங்கினதும் இருளாயி திருப்பித் திருப்பிப் பாத்தா. "இதுல இன்னொரு பக்கம் எங்க ஐயா?"ன்னு கேட்டா. அவரு சிரிச்சாரு. விடிஞ்சா சன்னாசி கெளம்பணும், வேற படத்துக்கு நேரமில்ல. அதையே குடுத்து விட்டா.

மாசங்கள் கழிச்சு சன்னாசி வந்தான். தனியா வந்தான். எங்க வரிசை வீட்டு நடையில நின்னுக்கிட்டு உள்ள வரவே மாட்டேங்கிறான்.

"உங்க அக்கா படத்தப் பாத்துட்டு மாரடிச்சு அழுதுச்சு, இருளாயி. மிஷின்ல கை போயிருச்சு, கண்ணும் போயிருச்சு, மறைச்சுப் படம் எடுத்து அனுப்பியிருக்கான்னு ஊரே சொல்லுது. நான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். 'அவ சொல்லிக் குடுத்ததச் சொல்ற, போட்டோ பொய் சொல்லுமா'ங்குது. அவளையே காப்பாத்திக்க முடியாதவகிட்ட பிள்ளைய அனுப்ப மாட்டேன்னிருச்சு."

இருளாயி அழுவான்னு நெனச்சேன். அழல. அந்த ஞாயித்துக்கெழம கல்லுத்தூசி படிஞ்ச சேலையோட நேரா முன்னறைக்குள்ள நடந்தா. கிராணிமாருங்க எல்லாம் இருக்காங்க. நான் தேத்தண்ணித் தட்டோட வாசல்லயே நின்னுட்டேன்.

"ஐயா, என் படத்துல பிழை இருக்கு. சொல்ல வந்திருக்கேன்"னா. நடந்ததையெல்லாம் சொன்னா. "எதுக்கு ஐயா என் கைய ஒளிச்சீங்க?"

ஐயா கண்ணாடியத் தொடைச்சாரு. "நகமெல்லாம் கறுத்து, வெடிச்சுப் போயிருந்தது. படத்தின்ர வடிவு கெட்டுப் போயிரும். அதுதான் நிழலுக்குள்ள விட்டனான்"ன்னாரு.

பாவி மனுஷா! எனக்கு அந்தத் தட்ட அப்படியே அவரு தலையில கவுக்கலாம்னு வந்துச்சு.

"அந்தக் கையப் பாத்துத்தான் ஐயா எம்பிள்ள வரணும்"னா இருளாயி.

சீனன் கடைக்குக் காசு தாரேன்னாரு. "காசு என்கிட்ட இருக்கு. என் கைய எடுத்தது நீங்க. நீங்களே திருப்பிக் குடுங்க"ன்னுட்டா. தம்பிமுத்து எந்திரிச்சு அவளுக்கு நாற்காலியத் தள்ளிப் போட்டான்.

மறு ஞாயித்துக்கெழம உச்சி வெயில்ல பின்கட்டுல படம் எடுத்தாங்க. வெளிச்சம் நேரா விழுது, வடிவா வராதுன்னு ஐயா மொணங்கினாரு. "வடிவ நீங்களே வச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு, இருளாயி ரெண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு முன்னால விரிச்சுக் காட்டிக்கிட்டு நின்னா. கண்ண இமைக்கவே இல்ல. அந்தப் படத்த பிச்சைமுத்துன்னு ஒருத்தன் ஊருக்குக் கொண்டு போனான்.

தீபாவளிக்கு முன்னால பேச்சி வந்தா. ஈப்போ ஸ்டேஷன்ல பிச்சைமுத்து கையப் புடிச்சுக்கிட்டு எறங்கினா. ஏழு வயசு, எலும்பும் தோலுமா இருந்தா. அம்மா மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல. கிட்ட வந்து ரெண்டு கையையும் புடிச்சா, புரட்டினா, ஒவ்வொரு விரலா இழுத்துப் பாத்தா. அப்புறம் மூட்டைய அவுத்து அந்தப் பழைய படத்த எடுத்து நீட்டினா. நிழல் விழுந்த கருப்பு எடத்துல வெத்தலச் சுண்ணாம்பத் தொட்டு ஒரு கை வரைஞ்சிருந்தா. வெள்ளையா, பெருசா. அதுல ஆறு விரல்.

"பெரியம்மா அழுதுக்கிட்டே இருந்துச்சு. அதான் நான் போட்டுக் குடுத்தேன்"னா.

புருஷன் செத்தன்னிக்குக்கூட பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தவ இருளாயி. அந்தப் பிளாட்பாரத்துல உக்காந்து பிள்ளையக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

நான் அழல. எனக்கு ஆத்திரம் ஆறல. அந்தப் படத்த ஒரு நாளைக்குக் குடுடின்னு அவகிட்ட கேட்டு வாங்கினேன். ஞாயித்துக்கெழம ஐயா தொங்கவிட்ட மலை, ஆறு, மேகப் படத்துக்கு நடுவுல அதையும் மாட்டினேன். "கை இருளாயி மக வரைஞ்சது. இதுக்கும் பிழை சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, போகாம அங்கனயே நின்னேன்.

கிராணிமாருங்க குனிஞ்சு பாத்தாங்க. ஐயா பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில தம்பிமுத்துதான் மெதுவா, "ஒரு விரல் கூடிப் போச்சு"ன்னான்.

"கூடினா கூடிட்டுப் போகட்டும் தம்பி. குறைச்சது அவ இல்ல"ன்னேன்.

அன்னிக்கு ஐயாவுக்குத் தேத்தண்ணி நான் குடுக்கல. அவரும் கேக்கல.