இருநூற்றுப் பத்துப் படியும் ஒரு தொட்டியும்

பூமிக்கடியில் இருந்த எண்ணெய் தீர்ந்ததோடு மனித ஜாதியின் கதையும் முடிந்தது என்றுதான் பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் எழுதினார்கள். அதை நம்பியிருந்தால் தொட்டிக்காரிக்குக் கல்யாணமே நடந்திருக்காது. கடைசி பெட்ரோல் பங்க்கைப் பூட்டிய அதே வாரத்தில்தான் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லாரி டிரைவர். ஓட்ட லாரி இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. "பொழப்பத்தவனுக்கா பொண்ணக் குடுக்கப்போற?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "லாரிதானே நின்னுபோச்சு, ஆளு நடக்குறாருல்ல" என்று பதில் சொன்னது மணப்பெண்ணேதான். வாய்த்துடுக்கு அவளுக்குப் பிறவிச் சொத்து.

லாரி வீட்டோரம் நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர் சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. அவர் சீட்டைத் துடைப்பதும் கோழிகளைத் திட்டுவதுமாகச் சில வருஷங்களை ஓட்டினார். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று அவள்தான் தொட்டி வேலைக்குப் போனாள்.

ஊருக்கு நடுவே ஒரு குன்று. உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டி, அடிவாரத்தில் இன்னொரு தொட்டி, அதை ஒட்டி ஆஸ்பத்திரி. வெயில் அடிக்கும்போது சோலார் பம்பு தண்ணீரை மேலே ஏற்றி நிரப்பும். மேகம் போட்டால் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கிவிட வேண்டும். அது அடிவாரத்தில் ஒரு டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழ்த்தொட்டியில் விழும், ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வரும். உச்சியில் உட்கார்ந்து வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை. தினமும் இருநூற்றுப் பத்துப் படி ஏற வேண்டும் என்பதால் வேறு யாரும் மனுப் போடவில்லை.

"தண்ணிய ஏத்துறதும் எறக்குறதும் ஒரு வேலையாடி?" என்பார் டிரைவர்.

"நீங்க மட்டும் என்ன, லோடு ஏத்தி எறக்குனதுதானே?" என்பாள் அவள். இப்படியே இருபத்தைந்து வருஷம் போயிற்று. பிள்ளை குட்டி இல்லை. ஒருவருக்கொருவர் சண்டை போட ஆள் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

அந்தத் தொட்டியில் ஒரே ஒரு கோளாறு. தெருக்குழாய்களுக்கும் அதே பெரிய குழாயிலிருந்துதான் கிளை பிரிந்தது. கிளைக்குத் தனியாக ஒரு வால்வு உண்டு. அது திறந்தபடியே துருப்பிடித்து இறுகிப் பல வருஷம் ஆகிறது. அதை மாற்றச் சொல்லி அவள் மூன்று கடிதம் எழுதினாள். "பார்க்கலாம்" என்று மூன்று பதில் வந்தது. சும்மா இருப்பவளா அவள்? சைரன் மூன்று தரம் ஊதினால் எல்லாரும் குழாயை மூட வேண்டும் என்று தானே நோட்டீஸ் எழுதி ஊரெல்லாம் ஒட்டச் செய்தாள். அதை ஊன்றிப் படித்தவர்கள் இரண்டே பேர்: எழுதிய அவளும், ஒட்டியவரும்.

டிரைவருக்கு வயிற்றுவலி வந்தது. மூன்று நாள் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல." டாக்டரம்மா நாடி பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பவர். அங்கே வெயில் வேளையில்தான் கத்தியை எடுப்பார்கள். அன்றைக்குப் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது.

அவரை உள்ளே அனுப்பிவிட்டு அவள் நேரே குன்றில் ஏறினாள். பெஞ்சில் உட்கார்ந்து அழுவதைவிட வால்வுக்குப் பக்கத்தில் இருப்பது மேல் என்று பட்டது.

அரை மணி நேரத்தில் வானம் இருண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இழுத்த கம்பியில் ஒரு போன் உண்டு. அது அடித்தது. நர்ஸ் பேசினாள்.

"அக்கா, பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். தொட்டியத் தெறங்க."

"எவ்வளவு நேரத்துக்கும்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆகுமாம். உள்ள நெறைய கழுவணுமாம்."

அளவுகோலில் முள் ஒன்பதில் நின்றது. ஒரு கோடு தண்ணீருக்குக் கால் மணி நேரக் கரண்ட். தெருவில் யாரும் பிடிக்காமல் இருந்தால் போதும், சரியாக வந்துவிடும். அவள் வால்வைத் திறந்தாள். சைரனை மூன்று தரம் ஊதினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் சைரன் ஊதினால் ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் வருகிறது, பிடி! ஊரே ஓடியது. வாளி, கேன், அண்டா, பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தொட்டி, பெயின்ட் டப்பா என்று எல்லாவற்றையும் குழாயடியில் வைத்து முழுசாகத் திறந்துவிட்டார்கள்.

முள் எட்டுக்கு வந்தது, ஏழுக்கு வந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் ஐந்து. நாலு. யாருக்காவது போன் பண்ணலாம் என்றால், மேகம் போட்டதும் முதலில் செத்துப்போவது போன் டவர்தான். அவள் படிகளில் விழுந்தடித்து ஓடினாள்.

முதல் தெருவில் எல்லாரும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்கக்கா, இன்னிக்கு நல்ல வேகமா வருது!" என்றாள் தையல்காரி.

"ஐயோ பாவிகளா, மூடுங்க! என் வீட்டுக்காரரு ஆபரேஷன் மேசையில கெடக்குறாரு. நீங்க பிடிக்கிறது தண்ணியில்ல, அவரு உசுரு!"

குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. விஷயம் தெருத் தெருவாகப் பரவி, ஊர் முழுவதும் குழாய்களை மூடி முடிப்பதற்குள் முள் மூன்றுக்கு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் பாக்கி, இருப்பது முக்கால் மணி நேரத்துக்கு. என் சைரன்தான் அவரைக் கொல்லப்போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தையல்காரி தன் வாளியைப் பார்த்தாள். பிறகு குன்றைப் பார்த்தாள். "பிடிச்சது எங்கயும் போயிடலியேக்கா. திருப்பிக் கொண்டுபோய் ஊத்துவோம்" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை. வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊர் ஜனங்கள் நோட்டீஸ் படிக்காதவர்களே தவிர நெஞ்சில்லாதவர்கள் அல்லர். இருபது நிமிஷத்தில் படிக்கு இரண்டு பேராக நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் நிறைந்த வாளி மேலே போயிற்று, மறுபக்கம் காலி வாளி கீழே வந்தது. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு உச்சிப்படியில் நின்று வாளிகளை வாங்கி வாங்கித் தொட்டியில் கவிழ்த்தார். எதிர்வீட்டுக்காரி தொட்டிக்காரியோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். அவளும் வந்து நின்றாள். அப்போதும் பேசவில்லை, ஆனால் ஒரு வாளியைக்கூடத் தாமதிக்கவில்லை. வீடுகளில் பிடித்தது தீர்ந்ததும் கீழ்த்தொட்டியில் மொண்டார்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வந்து விழுந்த தண்ணீரே மறுபடி ஆள் கைகளில் ஏறிக் குன்றின் உச்சிக்குப் போயிற்று. எண்ணெய் இல்லாவிட்டால் மனிதனால் என்ன முடியும் என்று கேட்டவர்கள் அன்றைக்கு அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

மறுபடி உச்சிக்கு ஏறிவந்த தொட்டிக்காரி அளவுகோலை விட்டு நகரவில்லை. முள் ஒன்றரையில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. மேகம் கலையவே இல்லை.

போன் அடித்தபோது எடுக்கப் பயந்து நின்றாள். "எடும்மா!" என்று ரொட்டிக்கடைக்காரர் அதட்டினார்.

"தச்சு முடிச்சாச்சுக்கா," என்றாள் நர்ஸ். "தானா மூச்சு விடுறாரு. தண்ணிய நிறுத்திக்கலாம்."

அவள் வால்வை மூடினாள். ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "பொழச்சுட்டாருடோய்!" என்று கத்தியது ரொட்டிக்கடைக்காரர்தான். அந்தச் சத்தம் படிக்குப் படி வாய் மாறிக் கீழே இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் பெரிய கூச்சலாக வெடித்தது. நோயாளி தூங்க வேண்டும் என்று நர்ஸ் வந்து எல்லாரையும் திட்டினாள். தொட்டிக்காரி ஈரத்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவச் சீட்டில் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று எழுத ஓரிடம் உண்டு. டாக்டரம்மா தன் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தார்: "வெயில் அரை மணி. பேட்டரி பத்து நிமிடம். தொட்டி ஐம்பது நிமிடம். ஊர் எழுபது நிமிடம்."

டிரைவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, முதல் வீட்டு வாசலிலேயே நின்றார்.

"இங்கயிருந்து யாரு வந்தாங்க?"

"ரெண்டு பேரு. அப்பாவும் பொண்ணும்."

அவர் கதவைத் தட்டினார். அடுத்த வீட்டிலும் நின்று தட்டினார், அதற்கடுத்த வீட்டிலும். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கால் மணி நேர நடை. அன்றைக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.