எறிய மறந்த தோள்

முதலில் வந்தது வலி அல்ல. தென்காசி மைதானத்தில் பவுண்டரியிலிருந்து நான் எறிந்த பந்து, விக்கெட் கீப்பருக்குப் பாதி வழியிலேயே தரையில் விழுந்து உருண்டது. ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றக் கை மேலே போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இறுதி. மில் எனக்கு வேலை கொடுத்ததே கிரிக்கெட் ஆடத்தான். அணியில் இடம் கிடைத்தது நான் தூரம் எறிவதற்காக. அது போனால் இடமும் போகும்.

தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டு, அசைக்கக் கூடாது என்றார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. உடம்பில் எந்த வலி வந்தாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது எங்கள் ஊர்ப் பழக்கம். எங்கள் இலஞ்சியிலிருந்து நடக்கிற தூரம். கட்டை அவிழ்த்துவிட்டுப் போனேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் அழுத்தித் தேய்த்தார். அருவி கொட்டும் இடத்தில் வலத் தோளைக் கொடுத்து நின்றேன். சுகமாகவே இருந்தது. மறுநாள் தோள் வீங்கிவிட்டது.

டாக்டர் சிரித்தார். "குற்றாலத்துக்குப் போனீராக்கும்?"

"எல்லாரும் சொன்னாவ சார்."

"அருவிக்கு என்னவே தெரியும், எது அலுத்த தோளு, எது கிழிஞ்ச தோளுன்னு?"

மறுபடியும் கட்டு. அவிழ்த்தபோது மூட்டு இறுகியிருந்தது (அசையாத மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கிவிடும்). உருளையில் கயிறு போட்டு, இடக்கையால் இழுத்து வலக்கையை உயர்த்தச் சொன்னார். எங்கள் வீட்டில் உருளை கிணற்றில்தான் இருந்தது. மனைவி செல்லம் வாளியை அவிழ்த்துவிட்டுக் கயிற்றைத் தந்தாள்.

"வெறுங்கயித்த இழுத்துக்கிட்டு நிக்கிய. பாக்குதவுக என்ன நினைப்பாவ?"

"மில்லுக்கு ஆடுத ஆளு, தண்ணியில்லாமலே எறைக்கான்னு நினைப்பாவ."

"அப்ப நல்லா இழுங்க. தண்ணிய நான் அடுத்த வீட்டுல எடுத்துக்கிடுதேன்."

மழைக்காலம் முடிவதற்குள் தலை வாரக் கை எட்டியது. கேப்டன் முன்னால் எறிந்து காட்டினேன். பந்து போய்ச் சேரவில்லை. அவர் வாய் திறக்கும் முன் நானே சொன்னேன்: "என்னைய உள்ள நிறுத்திப் பாருங்க அண்ணாச்சி. பிடிக்கதுக்கு இந்தத் தோளு போதும்."

மட்டைக்குப் பின்னால், விளிம்பில் பட்டுப் பறந்து வரும் பந்தைப் பிடிக்க, ஸ்லிப்பில் நிறுத்தினார். முதல் ஆட்டத்தில் வந்ததையெல்லாம் விட்டேன். அடுத்த ஆட்டத்தில் ஒன்றைப் பிடித்தேன். அறுபதுகளில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை என் இடம் அதுதான்.

இதே வலியோடு இதைப் படிப்பவர்களுக்கு: பழைய கை திரும்பாமல் போகலாம். எனக்குத் திரும்பவில்லை. அதைக் குறையாகச் சொல்லத் தோன்றவில்லை. பவுண்டரியில் பந்து வந்து சேர்வதற்குள் யோசிக்க நேரம் இருந்தது. ஸ்லிப்பில் கை முந்திக்கொள்ளும். பந்து உள்ளங்கையில் இருப்பது அப்புறம்தான் நமக்குத் தெரியவரும்.