ஐந்து கட்டமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

சண்முகசுந்தரிக்கு நாற்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் எழுபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தர அலுவலர். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "செய்யணும்னு எழுதி வச்சதையும், நெசமா செஞ்சதையும் ஒத்துப் பாக்க வேல" என்பாள். வீட்டிலும் அதே குணம்தான். புளி ஊறவைத்த நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிறவள் என்று கணவன் கோமதிசங்கர் கேலி செய்வான். அடுப்படிச் சுவரில் உண்மையாகவே ஒரு நோட்டு தொங்கியது.

இன்னொரு குணமும் உண்டு. அது அவளுக்கு மட்டுமல்ல, திருநெல்வேலிக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கும் உண்டு. தாமிரபரணித் தண்ணீரை யாராவது குறை சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இவளுடைய அப்பா இரண்டு கேன் நிறைய ஊர்த் தண்ணீர் கொண்டுபோனார். ரயிலில் அதற்கென்று தனி இடம் வேறு பிடித்தார். அந்த வீட்டில் வளர்ந்தவள் இவள்.

அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்கு, போன சித்திரையில் அவள் ஒரு படம் வரைந்து கொடுத்தாள். ஐந்து கட்டம், நடுவில் அம்புக்குறி. கழுவு, உலர்த்து, உறையிடு, அவி, ஆறவை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அதை ஸ்கேனரில் காட்ட வேண்டும். வரிசைப்படி நடந்தால் கணினியில் பச்சை, தவறினால் சிவப்பு. படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். சுந்தரிக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் இரண்டு நோயாளிகளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. அதில் ஒருவர் கூடங்குளம் பக்கத்து மீனவர் அருளப்பன். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர். புண் ஆறுவதற்குள் கடலுக்குப் போயிருப்பார், உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பழியை அவர் தலையிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள்.

தை பிறந்ததும் நிர்வாக மேலாளர் ஜோன்ஸ் ஒரு அறிக்கையோடு வந்தார். "மூணு மாசத்துல ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது தட்டு, மேடம். அதுல சிவப்பு நூத்தி அறுபத்து மூணு. நூத்தி அம்பத்தெட்டு இசக்கி கையில போனது. கிருமி எங்கன இருந்து வந்துச்சுன்னு இதுக்கு மேல தேடணுமா? வெள்ளிக்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டா, திங்கக்கிழமை அவளுக்கு வேல கெடையாது."

இசக்கி பத்தொன்பது வருடமாக அங்கே கருவி கழுவுகிறவள். சுந்தரியைவிட எட்டு வயது மூத்தவள். ஒப்பந்த வேலை என்பதால் ஒரு தாள் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"அந்த ரெண்டு பேருக்குப் போன தட்டும் சிவப்பா, சார்?" என்று சுந்தரி கேட்டாள்.

ஜோன்ஸ் அதைப் பார்க்கவில்லை. சிவப்பை எண்ணியவர் பச்சையை எதற்குப் பார்க்கப் போகிறார்? சுந்தரி அங்கேயே கணினியைத் திறந்தாள். இரண்டும் பச்சை. இரண்டும் அடுத்த ஷிப்டில், இசக்கி இல்லாத நேரத்தில் போனவை.

"ரெண்ட வச்சு என்ன முடிவு செய்ய முடியும்?" என்றார் ஜோன்ஸ்.

"முடியாதுதான். அதனால மிச்சத்தையும் பாக்கேன். பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

சிவப்பு நூற்று அறுபத்து மூன்றையும் அச்செடுத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். ஐந்து மட்டும் ஸ்கேன் விட்டுப்போனவை. இசக்கியின் நூற்று ஐம்பத்தெட்டிலும் ஒரே மாதிரித் தவறு: கழுவு, மறுபடியும் கழுவு, பிறகு உலர்த்து. சோம்பேறி என்றால் ஒரு கட்டத்தை விட்டுவிட்டுப் போவாள். கூடுதலாக ஏன் செய்ய வேண்டும்? அதுவும் பதினேழே நாட்களில் அத்தனையும்.

நேரே கழுவும் தொட்டிக்குப் போனாள். "இசக்கியக்கா, என்னத்துக்கு ரெண்டு தடவ கழுவுதிய?"

இசக்கி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தாள். வேலை போகப் போகிற செய்தி அவள் காதுக்கும் போயிருந்தது. சுந்தரி நகர்கிற வழியாக இல்லை என்று தெரிந்ததும், குழாய்க்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டினாள்.

"வந்ததும் இதுல தண்ணி புடிச்சு வைப்பேன். செத்த நேரம் கழிச்சு எடுத்துப் பாப்பேன். அடியில செவப்பா படிஞ்சிருந்தா ஆத்துல புதுத் தண்ணி வந்திருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு மட்டும் கேன் தண்ணில இன்னொருக்க அலசிட்டு உலத்துவேன். கத்திரி மூட்டுக்குள்ள மண்ணு இருந்தா, இட்லி மாதிரி அவிச்சாலும் அதுவும் அதுக்குள்ள உள்ள கிருமியும் அங்கனதான இருக்கும்?"

"இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேம்லா. நீங்க படம் மாட்டுன அன்னைக்கே சொன்னேன். 'நம்ம ஆத்துத் தண்ணிக்கு என்ன கொற கண்டிய'ன்னு ஒரு போடு போட்டிய. அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல? படத்துல இல்லாதத செய்யுதேன்னு சொன்னா ஏசுவியன்னு வாய மூடிக்கிட்டேன்."

சுந்தரிக்குச் சுருக்கென்றது. தான் அப்படிக் கேட்டது நினைவுக்கு வந்தது. அப்பாவின் குரலிலேயே கேட்டிருந்தாள். படம் வரைந்தது சித்திரையில். அப்போது ஆற்றில் கூழாங்கல்லை எண்ணலாம். ஐப்பசி மழையில் அதே ஆறு எப்படி ஓடும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள், ஐந்து கட்டத்தில் ஒன்றில்கூடத் தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. வெளியூர்க்காரி யாராவது வரைந்திருந்தால் முதல் கட்டமே தண்ணீரைச் சோதி என்றுதான் இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வெள்ளிக்கிழமை காத்திருக்காது.

மோட்டார் அறையில் மாரிராஜின் நோட்டை வாங்கினாள். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற அவர், வடிகட்டி அடைத்துக்கொண்ட நாளில் எல்லாம் 'கலங்கல்' என்று ஒரே வார்த்தை எழுதுவார். யாரும் அதைக் கேட்டதும் இல்லை, படித்ததும் இல்லை. மூன்று மாதத்தில் பதினேழு கலங்கல். இசக்கியின் சிவப்பு விழுந்த அதே பதினேழு நாள். அருளப்பனுக்குப் போன தட்டு அதில் ஒன்பதாவது நாளில் கழுவியது. இன்னொருவருடையது பதினோராவது நாளில்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோன்ஸை, அவித்த தட்டுகளை அடுக்கி வைக்கும் இருப்பு அறைக்கு வரச் சொன்னாள். கலங்கல் நாளில் கழுவி இன்னும் உறை பிரிக்காமல் இருந்தவற்றில் ஆறு தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். மூன்று பச்சை, மூன்று சிவப்பு. ஜோன்ஸையே பிரிக்கச் சொன்னாள். இடுக்கியின் மூட்டுப் பகுதியை விரித்து, நனைத்த வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைக்கச் சொன்னாள்.

சிவப்புத் தட்டு மூன்றிலும் துணி வெள்ளையாகவே வந்தது. பச்சையில் முதல் துணியிலேயே செம்பழுப்பாக ஒரு கீற்று. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் துடைக்காமல் ஜோன்ஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப அடுத்த ஷிப்டு ஆளுங்க மேலதான் தப்பா?"

"அவங்க படத்துல உள்ளபடி செஞ்சாங்க, சார். அஞ்சு கட்டமும் அச்சுப் பிசகாம செஞ்சாங்க. தப்பு படத்துல. படம் போட்டது நான்."

"மேடம், இத இப்படியே எழுதணுமா? இனிமே ஒழுங்கா செஞ்சா போதும்லா?"

எழுதியே ஆக வேண்டும் என்று சுந்தரி ஒற்றைக் காலில் நின்றாள். அறிக்கையில் தவறுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் இசக்கியின் பெயரை அடித்துவிட்டுத் தன் முழுப்பெயரையும் எழுதி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள். அவள் வேலையும் அதில் போயிருக்கலாம். அன்றைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே புதுப் படம் வரைந்தாள். முதல் கட்டம்: டம்ளரில் தண்ணீர் பிடித்துப் பார். கலங்கல் என்றால் கேன் தண்ணீரில் மறுபடி அலசு. வார்த்தைகளை இசக்கிதான் சொன்னாள். வேலை போகவில்லை என்று சொன்னபோது கழுவுகிற வேலையை நிறுத்தாதவள், டம்ளர் படத்தில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மாரிராஜின் பதினேழு நாளையும் ஏற்றி, பழைய மூன்று மாதப் பதிவையும் புதுப் படத்தோடு ஒத்துப் பார்க்கக் கணினியை ஓட்டினாள். இசக்கியின் நூற்று ஐம்பத்தெட்டும் பச்சையானது. இதுவரை பச்சையாக இருந்த இருநூற்று நான்கு சிவந்து நின்றது. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் ஒரு தட்டு. உறை பிரிக்காததை எல்லாம் திரும்பக் கழுவ அனுப்பினாள். பிரித்தது யாருக்குப் போனதோ அவர்களுடைய போன் எண்களை எடுத்தாள். அத்தனை பேரையும் கூப்பிட்டு, புண் ஆறியதா என்று கேட்டு, வரச் சொல்லிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் போட்டது அருளப்பன் எண்.

"நீங்க கடலுக்குப் போனதால வந்த சீழ் இல்ல, அண்ணாச்சி. கருவி சரியா சுத்தமாகாம இருந்திருக்கு. அதுலதான் வந்திருக்கும்னு நெனைக்கேன். தப்பு எங்க பக்கம். கழுவுற முறைய எழுதிக் குடுத்த நான்தான் தண்ணியப் பாக்காம விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"நான் கடப்பக்கமே போகலம்மா," என்றார் அருளப்பன். "யாருமே நம்பல. ரெண்டு மாசமா எம் பொஞ்சாதி கிரேஸி என்னையத்தான் ஏசுதா. இந்தா, அவகிட்டக் குடுக்கேன். இப்ப சொன்னத அவகிட்ட ஒருக்க சொல்லுங்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. சண்முகசுந்தரி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.